சிவாஜியின் கன்னம், மதுரை சகோதரர்களின் மூச்சு... 'தில்லானா மோகனாம்பாள்' ஏன் இன்னும் சலிக்கவில்லை?

இந்த வாரப் படம்: தில்லானா மோகனாம்பாள்
வெளியான ஆண்டு: 1968
இயக்கம்: ஏ.பி.நாகராஜன்
கதை: கொத்தமங்கலம் சுப்பு
இசை: கே.வி.மகாதேவன்
பாடல்கள்: கண்ணதாசன்
நடிப்பு: சிவாஜி கணேசன், பத்மினி, டி.எஸ்.பாலையா, நாகேஷ், மனோரமா, ஏ.வி.எம்.ராஜன், பாலாஜி, நம்பியார், சி.கே.சரஸ்வதி

டி.வி-யில் எந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டாலும், "இதோ, அந்த ரயில் சீன் வந்துரட்டும்" என்று சாப்பாட்டுத் தட்டோடு உட்கார வைக்கிற படங்கள் தமிழில் கொஞ்சம்தான். அந்தப் பட்டியலில் 'தில்லானா மோகனாம்பாள்' எப்போதும் உண்டு. தாத்தாவுக்கு இது சிவாஜி படம். பாட்டிக்குப் பத்மினி படம். அப்பாவுக்கு நாகேஷ் படம். காலேஜ் படிக்கிற பேத்திக்கு மீம் டெம்ப்ளேட். வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருக்கும்.

ஆனால், இந்த எல்லாக் காரணங்களுக்கும் அடியில் ஒரு வாத்தியம் இருக்கிறது. ஏறக்குறைய மூன்றடி நீளத்துக்கு மரம், நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு புல்லுத் துண்டு. அவ்வளவுதான் நாதஸ்வரம். அந்த வாத்தியத்துக்கும் அதை வாசிக்கிறவருக்கும் ஊர் என்ன மரியாதை கொடுக்கிறது என்பதுதான் படத்தின் அடிநாதம். காதல், போட்டி, காமெடி எல்லாம் அதைச் சுற்றி வருபவை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஊர் சரியான பதில் சொல்லவில்லை. படம் பழசாகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாரா வாரம் காத்திருந்த கதை

படமாக வருவதற்கு முன்பே மோகனாவும் சண்முகசுந்தரமும் தமிழ்நாட்டு வீடுகளில் குடியேறிவிட்டார்கள். 1950-களில் 'ஆனந்த விகடன்' இதழில் 'கலைமணி' என்ற புனைபெயரில் தொடராக வந்த நாவல் அது. எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றியவர், 'ஔவையார்' படத்தை இயக்கியவர், கவிஞர், நடிகர் என்று பல முகம் கொண்ட மனிதர்.

தொடருக்கு ஓவியம் வரைந்தவர் கோபுலு. அதனால் சிவாஜியும் பத்மினியும் நடிக்க வந்தபோது, வாசகர்கள் மனதில் ஏற்கெனவே இரண்டு முகங்கள் இருந்தன. நாயகனுக்கு முகம் இல்லாத கதையைப் படமாக்குவது ஒரு விதம். லட்சக்கணக்கான பேர் "இவன் இப்படித்தான் இருப்பான்" என்று முடிவு கட்டிவைத்திருக்கும் கதையைப் படமாக்குவது வேறு விதம். நாகராஜன் ஏற்றுக்கொண்டது இரண்டாவது சவாலை.

அவருக்கு அந்தத் துணிச்சல் வந்ததற்குக் காரணம் உண்டு. 'நவராத்திரி', 'திருவிளையாடல்', 'சரஸ்வதி சபதம்', 'திருவருட்செல்வர்' என்று சிவாஜியோடு வரிசையாகப் படம் செய்து பழகிய கை அது. அதிலும் 1965-ல் வந்த 'திருவிளையாடல்' ஒரு பாட்டுப் போட்டியை ஊரே கொண்டாடும் காட்சியாக மாற்றிக் காட்டியிருந்தது. அதில் கர்வம் பிடித்த பாடகர் ஹேமநாத பாகவதராக வந்தவர் டி.எஸ்.பாலையா. அதே பாலையா இந்தப் படத்தில் தவில் வித்வான் முத்துராக்கு. சங்கீதத்தின் கர்வத்தை ஒரு படத்திலும், சங்கீதத்தின் கிண்டலை இன்னொரு படத்திலும் காட்டிய நடிகர் அவர்.

கதை தெரியாதவர்களுக்கு நான்கே வரி

சிக்கல் சண்முகசுந்தரம் பெரிய நாதஸ்வர வித்வான். மூக்குக்கு மேல் கோபம். மோகனாம்பாள் பெயர்பெற்ற நாட்டியக்காரி. கோயில் திருவிழாவில் சந்திக்கிறார்கள், மோதுகிறார்கள், மனசு கொடுக்கிறார்கள். ஆனால் மோகனாவின் அம்மா வடிவாம்பாளுக்கு மகளைப் பணக்காரர் ஒருவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று ஆசை. அதற்குத் தரகு வேலை பார்க்க சவடால் வைத்தி இருக்கிறார். சிங்கபுரம் மைனர், மதன்பூர் மகாராஜா என்று ஆட்கள் மாறி மாறி வருகிறார்கள். நடுவில், நீயா நானா என்று வாத்தியத்துக்கும் சலங்கைக்கும் போட்டி.

இந்தக் கதையில் வில்லன் ஒரு ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். பணம் ஒரு வில்லன். சண்முகசுந்தரத்தின் கோபமும் சந்தேகமும் இன்னொரு வில்லன். மூன்றாவதாக வருவது விஷம் தடவிய ஒரு கத்தி. அது குறிபார்த்தோ பார்க்காமலோ போய்த் தைப்பது வாசிக்கிறவரின் கையில். வாசிக்கிறவருக்குக் கை போனால் என்ன மிச்சம்?

அந்த மூச்சு யாருடையது?

"சிவாஜி எப்படி வாசிச்சிருக்கார் பாரு!" என்று வீட்டில் யாராவது சொல்லாமல் இந்தப் படம் ஓடாது. சிவாஜி வாசிக்கவில்லை. திரையில் கேட்கும் நாதஸ்வரம் மதுரை எம்.பி.என்.சேதுராமன், எம்.பி.என்.பொன்னுசாமி சகோதரர்களுடையது. நாதஸ்வரமே பரம்பரைத் தொழிலாக வந்த மதுரைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

படத்தில் சிவாஜிக்கு ஜோடி நாதஸ்வரமாக வாசிப்பவர் ஏ.வி.எம்.ராஜன். திரையில் இரண்டு பேர், ஒலிப்பதிவிலும் இரண்டு பேர். இது வெறும் சினிமா கணக்கு இல்லை. நாதஸ்வர உலகத்தின் உண்மையான வழக்கமே அதுதான். திருவீழிமிழலை சகோதரர்கள், செம்பொன்னார்கோவில் சகோதரர்கள் என்று ஜோடி ஜோடியாகத்தான் பெயர் சொல்வார்கள். காரணம் ரொம்ப எளிமையானது. இந்த வாத்தியம் ஆளைக் குடித்துவிடும். ஊர்வலத்தோடு மணிக்கணக்காக நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் ஒரே குருவிடம் வளர்ந்தவர்களாக இருந்தால், எங்கே விடுவார், எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லாமலே தெரியும்.

சினிமாவில் பின்னணிப் பாடகருக்குப் பெயர் உண்டு. வானொலியில் பாட்டு போடும்போது "பாடியவர் பி.சுசீலா" என்று சொல்வார்கள். பின்னணியில் வாசித்தவருக்கு அந்த வழக்கம் கிடையாது. அதனாலேயே சேதுராமன் - பொன்னுசாமி பெயர் தெரியாதவர்கள்கூட அவர்கள் வாசிப்பை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து ரசிக்கிறவர்களில் எத்தனை பேர் மூச்சுக்குச் சொந்தக்காரர் யாரென்று தேடுகிறார்கள்? இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது.

இப்படிச் சொல்வதால் சிவாஜியின் பங்கு குறைந்துவிடாது. வாயசைப்புக்கு உதடு மட்டும் போதும். நாதஸ்வரத்துக்கு அது போதாது. கன்னம் உப்ப வேண்டும், கழுத்து நரம்பு புடைக்க வேண்டும், விரல் ஓட வேண்டும், பிர்கா விழுகிற இடத்தில் புருவம் ஏற வேண்டும். தவில்காரர் நல்லதாக ஒன்று வாசித்தால் தலை அசைந்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் வேறொருவர் மூச்சுக்குப் பொருத்தமாகச் செய்து காட்டியதால்தான், வாசித்தது அவரே என்று மூன்று தலைமுறை நம்பிக்கொண்டிருக்கிறது.

இதற்கு முன்பும் நாதஸ்வரம் திரைக்கு வந்ததுண்டு

நாதஸ்வரத்துக்கு சினிமா புதிது இல்லை. நாதஸ்வர சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையே 1940-ல் 'கவி காளமேகம்' படத்தில் நடித்தார். அதை இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். அடுத்து, 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'. அதில் ஜெமினி கணேசனுக்காக வாசித்தவர், ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம். எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சியின் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் அந்த ஆபேரி ராகப் பாடல், இன்றும் எந்த மேடையில் நாதஸ்வரம் ஏறினாலும் நேயர் விருப்பமாக வந்து நிற்கிறது. அந்தப் பாட்டு கூப்பிடும் சிங்காரவேலனுக்குக் கோயில் இருக்கும் ஊர் எது தெரியுமா? நாகப்பட்டினம் பக்கத்திலுள்ள சிக்கல். ஆமாம், சண்முகசுந்தரத்தின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே சிக்கல்தான்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது?

சண்முகசுந்தரத்தின் கோபத்தைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். வாசிப்புக்கு இடைஞ்சல் வந்தால் நிறுத்திவிடுவார். மரியாதை குறைந்தால் கிளம்பிவிடுவார். "இவ்வளவு எதுக்கு டென்ஷன்?" என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை படத்துக்கு வெளியே இருக்கிறது.

நாதஸ்வரக்காரர்கள் கோயில் ஊர்வலத்திலும் கல்யாண வீட்டிலும் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே வாசித்த காலம் ஒன்று இருந்தது. வித்வத் எவ்வளவு இருந்தாலும் சரி, வாய்ப்பாட்டுக்காரருக்குக் கிடைத்த மேடை நாதஸ்வரக்காரருக்குக் கிடைக்காது. அந்த வழக்கத்தோடு முட்டி மோதியவர்தான் ராஜரத்தினம் பிள்ளை. திருமருகலில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்வானாக இருந்தவர். கிராப் வைத்துக்கொண்டார், கோட்டு, ஷெர்வானி போட்டுக்கொண்டார், மேடை போடுங்கள், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். தோடி வாசித்தால் விடியவிடியக் கூட்டம் நகராது. அந்த மதிப்பு தெரிந்துதான் நிபந்தனை போட்டார். 1956 டிசம்பரில் அவர் மறைந்தார்.

சிக்கல் சண்முகசுந்தரத்தைப் பார்க்கும்போது ரசிகர்களில் பலருக்கு ராஜரத்தினம் ஞாபகம் வருவது இதனால்தான். கதாசிரியர் யாரை நினைத்து எழுதினார் என்ற விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு நாதஸ்வரக்காரர் கோபப்பட்டால் அது திமிர் என்று பெயர் வாங்கிய காலத்தில், அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது என்று ஒரு பெரிய ஹீரோவை வைத்துச் சொல்லியது இந்தப் படம். அது சின்ன விஷயம் இல்லை.

வெள்ளைக்கார விருந்தாளிகள் முன்னால் இங்கிலீஷ் நோட்டு வாசிக்கும் காட்சியை இந்தக் கோணத்தில் பாருங்கள். தியேட்டரில் அது கைதட்டல் காட்சி. ஆனால் உள்ளே ஒரு செய்தி இருக்கிறது. "உங்க சங்கீதமும் எனக்கு வரும், என் சங்கீதம் உங்களுக்கு வருமா?" என்று கேட்காமல் கேட்கிறார். கர்நாடக சங்கீதத்துக்கு மேற்கத்திய மெட்டு அந்நியமும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரே மேற்கத்திய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதியிருக்கிறார். அவற்றுக்கு 'நோட்டுஸ்வரம்' என்றே பெயர்.

சிரிக்கவைத்த தரகர்

நாகேஷின் வைத்தியைப் பற்றிச் சொல்லாமல் போனால் வாசகர்கள் சும்மா விட மாட்டார்கள். உடம்பே ரப்பர். நின்ற இடத்தில் நான்கு பேரை ஏமாற்றிவிட்டு ஐந்தாவது ஆளிடம் பல்லை இளிக்கும் ஆள். ஆனால், சிரித்து முடித்த பிறகு ஒரு நிமிஷம் நிதானித்தால் சுருக்கென்று குத்தும். வைத்தி செய்யும் வேலை என்ன? ஒரு பெண்ணைப் பணக்காரர்களிடம் பேரம் பேசும் வேலை.

அந்தக் காலத்துச் சூழலை நினைத்தால் இது இன்னும் கனமாகிறது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராக 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்களின் பெண்கள், கலை வேண்டும், ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டிருந்த பழைய பிழைப்பு வேண்டாம் என்று கரையேறத் தவித்த காலம் அது. மோகனாவின் பிடிவாதம் அந்தத் தவிப்புதான். "நான் ஆடுவேன், விலைபோக மாட்டேன்" என்பதுதான் அவள் படம் முழுக்கச் சொல்லும் சேதி. வடிவாம்பாளையும் வெறும் பேராசைக்கார அம்மாவாகப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு ஒரு பணக்காரரின் தயவு. மகள் வேறு வழியில் நடக்க முடியும் என்பதை நம்பும் தைரியம் அவருக்கு இல்லை.

நாகராஜன் இந்தக் கசப்பை நேரடியாகக் கையில் கொடுக்காமல் நாகேஷின் சிரிப்பில் தோய்த்துக் கொடுத்தார். குடும்பத்தோடு பார்க்க முடிந்ததற்கு அது காரணம். கசப்பு பாதிப் பேருக்குத் தெரியாமலே போனதற்கும் அதுவே காரணம்.

இந்த இடத்தில் ஜில் ஜில் ரமாமணியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியின் ராணி. மனோரமா அந்தப் பேச்சு வழக்கை வைத்துக்கொண்டு கலக்கியிருப்பார். மோகனாவுக்குக் கிடைக்கும் கோயில் மேடை ரமாமணிக்குக் கிடையாது. மேட்டுக்குடி ரசிகர் கிடையாது. ஆனால் சண்முகசுந்தரத்தின் அருமையை எந்தக் கணக்கும் போடாமல் புரிந்துகொள்வது அவள்தான். கலைஞரின் மரியாதை பற்றிய படத்தில், மரியாதையே கிடைக்காத கலைஞர் ஒருத்தி மனசில் இடம் பிடித்துவிடுகிறாள்.

பேச முடியாதவர்கள் பேசும் பாட்டு

படத்தின் இரண்டு பாட்டுகளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் பாடியவர் பி.சுசீலா.

முதலாவது, மோகனாவின் ஆட்டத்தை சண்முகசுந்தரம் மறைந்து நின்று பார்க்கும் காட்சியில் வருவது. வெளியே வீறாப்பு, உள்ளே ஆசை. அது மோகனாவுக்குத் தெரிந்துவிடுகிறது. சாமியைப் பார்த்து ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டே ஒளிந்திருக்கும் ஆளை வம்புக்கு இழுக்கிறாள். ராகம் சண்முகப்பிரியா. நாயகன் பெயர் சண்முகசுந்தரம். கே.வி.மகாதேவன் பெயர் பார்த்துத்தான் ராகம் பிடித்தாரோ என்று ரசிகர்கள் இன்றுவரை சிலாகிப்பார்கள்.

இரண்டாவது 'நலந்தானா'. கத்திக் காயம் ஆறி, அவர் மறுபடியும் வாத்தியத்தைத் தொடும் நேரம். சபையில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. அவள் போய் அவர் கையைப் பிடித்து "வலிக்குதா?" என்று கேட்க முடியாது. அதனால் ஆடிக்கொண்டே கேட்கிறாள். அவர் வாசித்தே பதில் சொல்கிறார். ஒரு பெண் அத்தனை பேர் நடுவில் நலம் விசாரிக்கிறாள், அது இரண்டு பேருக்கு மட்டும்தான் புரிகிறது. வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் பார்த்துத் தவிக்கும் தலைமுறைக்கும் இந்தக் காட்சி சட்டென்று புரிவதற்குக் காரணம், நேராகக் கேட்க முடியாத கேள்வி எல்லாக் காலத்திலும் உண்டு.

பத்மினிக்கும் இது சாதாரண வேஷம் இல்லை. லலிதா, பத்மினி, ராகினி என்று திருவாங்கூர் சகோதரிகளாகச் சின்ன வயதிலேயே மேடையேறி ஆடியவர். அதனால் நாட்டியக் காட்சிகளில் டூப்பை மறைக்க கேமரா ஓடி ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. முகம், கை, கால் மூன்றும் ஒரே ஃபிரேமில் இருக்கும்.

தில்லானா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பரதநாட்டியக் கச்சேரியில் கடைசியாக வரும் உருப்படி அது. சாகித்தியம் குறைவு, ஜதிச் சொற்கள் அதிகம், முழுக்க முழுக்க வேகமும் தாளமும். கச்சேரி முழுக்க ஆடிக் களைத்த பிறகு மிச்சமிருக்கும் மொத்த உயிரையும் கொட்டி ஆட வேண்டியது. அந்தப் பெயரைப் பட்டமாகக் கொடுக்கிறார்கள் என்றால், அது லேசான பாராட்டு இல்லை. அதைக் கொடுப்பவர் போட்டிக்கு அழைத்த சண்முகசுந்தரமே என்பதுதான் அழகு. தோற்றேன் என்று வாயால் சொல்லாத மனுஷன், ஒரு பட்டத்தைக் கொடுத்துச் சொல்லிவிடுகிறார்.

இன்று பார்த்தால் எது உறுத்தும்?

எல்லாமே தங்கம் என்று சொல்லிவிட முடியாது. சண்முகசுந்தரம் மோகனாவைத் திரும்பத் திரும்பச் சந்தேகப்படுகிறார். ஒவ்வொரு முறையும் தன்னை நிரூபிக்க வேண்டியவள் அவள்தான். தன் மரியாதைக்கு ஒரு சொல் குறைந்தாலும் எழுந்துவிடும் மனிதர், அவளுடைய மரியாதையைப் பற்றி அவ்வளவு யோசிப்பதில்லை. இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, "இவர் ஒரு தடவையாவது முழுசா மன்னிப்பு கேட்கலாம்ல?" என்று சொன்னால், அது நியாயமான கேள்விதான். மதன்பூர் மகாராஜா வரும் பின்பாதியும் கொஞ்சம் இழுவை. தொடர்கதையில் வாரா வாரம் ஒரு திருப்பம் வேண்டும், மூன்று மணி நேரப் படத்தில் அத்தனை திருப்பம் தேவையில்லை.

ஆனாலும் சிவாஜி இந்தச் சந்தேகத்தைப் பெருமையாக நடிக்கவில்லை. கோபத்துக்கு அடுத்த நொடியே கண்ணில் பயம் தெரியும். மைனரிடம் பணம் இருக்கிறது, மகாராஜாவிடம் அரண்மனை இருக்கிறது. தன்னிடம் இருப்பது வாத்தியம் மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தைப் பார்க்கத் தெரிந்தால், கோபத்தை மன்னிக்காவிட்டாலும் புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு விஷயம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. படம் வெளியான 1968-ல் சிங்கபுரம் மைனர்கள் பழைய கதை ஆகியிருந்தார்கள். கலைஞர்களுக்கு ஜமீனும் அரண்மனையும் இருந்த இடத்தில் சபாக்களும் வானொலியும் சினிமாவும் வந்துவிட்டன. அதாவது, டிக்கெட் எடுத்து தியேட்டரில் உட்கார்ந்திருந்த சாதாரண ஜனம்தான் புதிய புரவலர். "கலைஞரை நீங்களாவது ஒழுங்காக நடத்துவீர்களா?" என்று படம் கேட்டது அவர்களைத்தான்.

வழித்தோன்றல்கள்

அந்த வருஷத்தின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்குக் கிடைத்தது. அதைவிடப் பெரிய விருது, அதன் பிள்ளைகள். 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்துக்கு இதுதான் தூண்டுதல் என்று இயக்குநர் கங்கை அமரனே சொல்லியிருக்கிறார். நாதஸ்வரம், பரதம் இருந்த இடத்தில் கரகம். திருவிழா, மோதல், காதல், குழுவோடு பயணம், நடுவில் கலாட்டா. எலும்புக்கூடு அதேதான். மதுரை சகோதரர்களின் நாதஸ்வரம் 1981-ல் இளையராஜாவின் இசையில் 'கோயில் புறா' படத்திலும் ஒலித்தது.

மரமும் புல்லும்

படத்தில் சிவாஜி கையில் இருக்கும் வாத்தியத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ரசனை கூடும். நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. புதுமரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல காலம் காய்ந்து இறுகிய மரம்தான் தோது. கும்பகோணம் பக்கத்திலுள்ள நரசிங்கம்பேட்டை இதற்குப் பேர்போன ஊர். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய நாதஸ்வரம் குட்டையாக, உச்சஸ்தாயியில் கத்தும். அதற்குத் திமிரி என்று பெயர். நீளமாக, கனத்த குரலில் பேசும் பாரி நாதஸ்வரத்தை நிலைபெறச் செய்தவர் ராஜரத்தினம் பிள்ளை. அதைக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி.

வாயில் வைக்கும் சீவாளி, நாணல் வகைப் புல்லில் செய்வது. விரல் வைக்க ஏழு துளை. மற்றதெல்லாம் உதடும் மூச்சும்தான். வீணைக்கு மெட்டு உண்டு, ஹார்மோனியத்துக்குக் கட்டை உண்டு. நாதஸ்வரத்தில் கமகம் வாசிக்கிறவரின் உதட்டில் பிறக்கிறது. சண்முகசுந்தரத்தின் கைக்கு ஆபத்து வந்தபோது ஊரே பதறியதற்குக் காரணம் அதுதான். விரலையும் மூச்சையும் கடையில் வாங்க முடியாது.

பாலையா வாசிக்கும் தவிலும் லேசுப்பட்டதல்ல. பலா மரத்தைக் குடைந்து செய்வது. ஒருபக்கம் குச்சி, மறுபக்கம் விரல்களில் கூடு. அந்த அடி விழும்போது நெஞ்சுக்குள் அதிரும்.

மொபைலில் பார்ப்பவர்களுக்கு ஐந்து டிப்ஸ்

1. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். மொபைல் ஸ்பீக்கருக்கு நாதஸ்வரத்தின் கனம் தாங்காது, கிரீச்சென்றுதான் கேட்கும்.

2. வாசிப்புக் காட்சிகளில் ஒருமுறை சிவாஜியை விட்டுவிட்டு ஏ.வி.எம்.ராஜனையும் பாலையாவையும் மட்டும் பாருங்கள். சுற்றி இருப்பவர்கள் நம்புவதால்தான் நடுவில் இருப்பவர் நிஜமாகிறார்.

3. ரயில் பெட்டிக் காட்சியில் வசனத்தை மறந்துவிட்டுக் கண்களை மட்டும் கவனியுங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், அதை யார் பார்த்துவிடுகிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை ஓடிவிடும்.

4. 'நலந்தானா' பாட்டில் நாதஸ்வரம் பதில் சொல்லும் இடங்களைத் தனியாகக் கேளுங்கள். வார்த்தையே இல்லாமல் ஒரு மனுஷன் என்ன சொல்கிறார் என்று வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் வரும்.

5. படம் முடிந்ததும் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் கச்சேரிப் பதிவு ஏதாவது ஒன்றைத் தேடிக் கேளுங்கள். சினிமாவுக்கு அளவெடுத்து வெட்டாத வாசிப்பு எப்படி இருக்கும் என்று தெரியும்.

கெட்டி மேளத்துக்கு அப்புறம்

முகூர்த்த நாளில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஓரமாக ஒரு சின்ன மேடை இருக்கும். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். அவர்கள் வாசிக்க வாசிக்க, முன்னால் பேச்சும் செல்ஃபியும் பந்திக்கு ஓட்டமும் நடக்கும். எல்லோரும் அவர்கள் பக்கம் திரும்புவது ஒரே ஒரு தடவை, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்தும்போது மட்டும்தான். அதற்கு முன்னால் வாசித்த ராகம் என்ன என்று கேட்டவர்கள் குறைவு. வாசித்தவர் பெயரைக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு.

சிக்கல் சண்முகசுந்தரம் அந்த மேடையில் இருந்தால் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார். இன்று வாசிப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. முகூர்த்த நாளை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு வாசிக்கிறார்கள்.

அடுத்த கல்யாணத்தில் இலை போட இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்று சொன்னால், அந்த மேடைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். வாசித்து முடித்ததும், "என்ன ராகம்ணே?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அந்த முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். அப்படியே அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.